ஃபுல் ஃப்ரேம் லென்ஸ், சின்ன சென்சார், நடுவே ஒரு கண்ணாடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி நெருங்கினால் என் போனுக்கு இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். சபாவில் ஃப்ளாஷ் போடக் கூடாது. மேடை விளக்கோ மங்கல். கையில் இருப்பது கிராப் சென்சார், அதாவது சின்ன சென்சார் கேமரா. வீட்டு பீரோவில் அப்பா காலத்து லென்ஸ் ஒன்று கிடக்கிறது. "அண்ணா, ஸ்பீட் பூஸ்டர் போட்டால் சரியாகிவிடுமா?" இதுவரை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்தேன். இப்போது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவிலும், காசிமேட்டில் விடியற்காலையிலும், எத்தனையோ கல்யாண மண்டபங்களிலும் இதைப் போட்டு எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஸ்பீட் பூஸ்டர் என்பது என்ன?

கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் ஓர் அடாப்டர். சாதாரண அடாப்டர் வெறும் குழாய்தான், உள்ளே ஒன்றும் இருக்காது. இதற்குள் கண்ணாடி இருக்கிறது. பெரிய சென்சாருக்காக லென்ஸ் விரித்துத் தரும் பிம்பத்தை அந்தக் கண்ணாடி சுருக்கி, சின்ன சென்சாருக்குள் அடங்க வைக்கிறது.

பொதுப்பெயர் ஃபோகல் ரெடியூசர். ஸ்பீட் பூஸ்டர் என்பது மெட்டாபோன்ஸ் நிறுவனம் தன் தயாரிப்புக்கு வைத்த பெயர். நகல் எடுப்பதையே ஜெராக்ஸ் என்று சொல்லிப் பழகிவிட்டது போல, எந்த நிறுவனத்தின் ரெடியூசரையும் நாம் ஸ்பீட் பூஸ்டர் என்றே கூப்பிடுகிறோம். இங்கே ரெடியூசர் என்று எழுதுகிறேன்.

சின்ன சென்சாரில் ஃபுல் ஃப்ரேம் லென்ஸை நேராகவே மாட்டலாமே. அதில் என்ன நஷ்டம்?

மாட்டலாம், படமும் வரும். ஆனால் லென்ஸ் தருவதில் பெரும்பகுதி சென்சாருக்கு வெளியே விழுந்து வீணாகும்.

ஃபுல் ஃப்ரேம் என்பது 36 × 24 மி.மீ. சோனி, ஃபூஜி, நிக்கான் கேமராக்களில் வரும் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5 × 15.6 மி.மீ. பரப்பைப் பெருக்கிப் பாருங்கள். லென்ஸ் அனுப்பும் பிம்பத்தில் பாதிக்கும் மேல் உங்கள் சென்சாருக்கு வந்து சேர்வதில்லை. 17.3 × 13 மி.மீ. உள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் கால் பங்குதான் தேறும். கல்யாண வீட்டில் குடும்பப் படம் எடுக்கிறீர்கள், ஃப்ரேமின் ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவும் அத்தையும் வெட்டுப்படுகிறார்கள். பின்னால் போகலாம் என்றால் சுவர் இடிக்கிறது. கிராப் என்று நாம் சொல்வது இந்த வெட்டைத்தான். 50 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சியில் 75 மி.மீ. போலவும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 100 மி.மீ. போலவும் பார்ப்பது இதனால்தான்.

ரெடியூசர் அந்த வெட்டுப்பட்ட பகுதியைத் திரும்ப உள்ளே கொண்டுவருகிறது. லென்ஸுக்கு இல்லாத எதையும் இது புதிதாகத் தருவதில்லை. சின்ன சென்சார் பறித்ததைத் திருப்பித் தருகிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பெரும்பாலான கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

வெளிச்சம் ஒரு ஸ்டாப் கூடும் என்கிறார்களே, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

எங்கிருந்தும் புதிதாக வருவதில்லை. சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்கியிருப்பீர்கள். கண்ணாடியின் மேல் விழுந்தது அதே வெயில்தான். அது ஒரு புள்ளிக்குள் சுருங்கியதால் சூடு கூடியது. இங்கேயும் அதேதான் நடக்கிறது. 43 மி.மீ. குறுக்களவுக்குப் பரவிய ஒளி 31 மி.மீ. வட்டத்துக்குள் சுருங்குகிறது. நீள அகலம் இரண்டும் 0.71 மடங்காகச் சுருங்கும்போது பரப்பு பாதியாகிறது. அதே ஒளி பாதி இடத்தில் விழுந்தால் பிரகாசம் இருமடங்கு. கேமரா மொழியில் அது சரியாக ஒரு ஸ்டாப்.

இன்னொரு வழியிலும் இதைப் பார்க்கலாம். லென்ஸின் மேல் எழுதியிருக்கும் 50 மி.மீ. என்பது குவியத்தூரம். அதை லென்ஸின் வாய் அகலத்தால் வகுத்தால் வருவது எஃப் எண், அது சின்னதானால் வெளிச்சம் அதிகம். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸின் வாய் சுமார் 28 மி.மீ. அகலம். ரெடியூசர் போட்டால் குவியத்தூரம் 35.5 மி.மீ. ஆகிறது. வாயின் அகலம் மாறவில்லை. 35.5-ஐ 28-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.3. ஆக உங்கள் எஃப்/1.8 லென்ஸ் உண்மையிலேயே எஃப்/1.3 ஆகிறது. வெறும் விளம்பரக் கணக்கு என்று நினைத்து எக்ஸ்போஷரில் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. சோதித்தால் ஷட்டர் வேகத்தில் அப்படியே தெரியும். கச்சேரி மேடையில் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு) 3200 தேவைப்பட்ட இடத்தில் 1600 போதும், அல்லது அதே 3200-இல் ஷட்டர் வேகத்தை இருமடங்காக்கலாம். மிருதங்கம் வாசிப்பவரின் விரல்கள் கலங்காமல் நிற்க அது எவ்வளவு உதவும் என்பது சபாவில் எடுத்தவர்களுக்குத் தெரியும்.

என் லென்ஸும் என் கேமராவும் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? கணக்கு எப்படி?

லென்ஸின் குவியத்தூரத்தையும் எஃப் எண்ணையும் 0.71-ஆல் பெருக்குங்கள். கிடைப்பதுதான் உங்கள் புது லென்ஸ். ஃபுல் ஃப்ரேம் கோணம் தெரிய வேண்டுமென்றால், வந்த குவியத்தூரத்தை உங்கள் கேமராவின் கிராப் எண்ணால் பெருக்குங்கள் (50-ஐ 75 போலக் காட்டும் கேமராவுக்கு அது 1.5).

சோனி, ஃபூஜியில் 1.5 × 0.71, அதாவது சுமார் 1.07. கிட்டத்தட்ட ஃபுல் ஃப்ரேம். கேனான் ஏபிஎஸ்-சியில் 1.6 என்பது 1.14 ஆகிறது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2 என்பது 1.42 ஆகிறது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கென்றே 0.64 மடங்கு ரெடியூசரும் உண்டு. அதில் 1.28 வரை இறங்கலாம், வெளிச்சமும் ஒன்றேகால் ஸ்டாப்புக்குச் சற்று மேல் கிடைக்கும்.

கல்யாண வேலையில் இருப்பவர்களுக்கு ஓர் உதாரணம். 24–70 எஃப்/2.8 லென்ஸ் 17–50 எஃப்/2 ஆகிறது. 70–200 எஃப்/2.8 என்பது 50–142 எஃப்/2 ஆகிறது. அதிகாலை முகூர்த்தத்தில், டியூப் லைட்டும் அக்னி வெளிச்சமும் கலந்த மண்டபத்தில், ஜூமில் எஃப்/2 கிடைப்பது சின்ன விஷயமில்லை.

ஏபிஎஸ்-சிக்கு ஏன் 0.71-ஓடு நிறுத்திவிட்டார்கள்? இன்னும் சுருக்கினால் இன்னும் வெளிச்சம் வருமே?

பிம்ப வட்டம் போதாது. ஃபுல் ஃப்ரேம் லென்ஸின் வட்டம் 43.3 மி.மீ. அதை 0.64 மடங்கு சுருக்கினால் 27.7 மி.மீ. ஏபிஎஸ்-சியின் மூலைக்கு மூலை நீளம் 28.2 மி.மீ. மூலைகள் இருண்டுபோகும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸின் மூலைவிட்டம் 21.6 மி.மீ.தான், அங்கே தாராளமாக அடங்குகிறது.

இதை யார் முதலில் செய்தது?

வானத்தைப் பார்ப்பவர்கள் நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். வீட்டுத் தொலைநோக்கிகளில் எஃப்/10 வகைகளுக்கு 0.63 ரெடியூசர் மாட்டி எஃப்/6.3 ஆக்குவது அமெச்சூர் வானியலில் சகஜம்.

கேமராவில், 1990-களின் நடுவில் நிக்கானும் ஃபூஜியும் சேர்ந்து செய்த இ2 வரிசை டிஜிட்டல் எஸ்எல்ஆர்களுக்கு உள்ளேயே இப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. நகத்தளவே இருந்த 2/3 அங்குல சென்சாரில் 35 மி.மீ. ஃபிலிம் கேமரா (அதாவது ஃபுல் ஃப்ரேம்) லென்ஸின் முழுக் கோணமும் விழ வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். விழுந்தது. ஆனால் எஃப்/6.7-க்கு மேல் திறக்க முடியவில்லை. கண்ணாடி ஏற்பாடு நீண்டுபோனதால் கேமராவும் பருத்துவிட்டது.

இன்று நாம் வாங்கும் வடிவம் 2013 ஜனவரியில் வந்தது. பிரையன் கால்டுவெல் என்ற ஒளியியல் வடிவமைப்பாளரின் கண்ணாடியோடு மெட்டாபோன்ஸ் வெளியிட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே உள்ளே முகக்கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்திருந்தன. ரெடியூசரின் கண்ணாடிக்கு வேண்டிய இடம் அப்போதுதான் கிடைத்தது. அதைச் சொன்னால்தான் அடுத்த கேள்வி புரியும்.

என்னிடம் டிஎஸ்எல்ஆர் இருக்கிறது. அதில் போடலாமா?

முடியாது. ரிட்சி தெருவில் தேடி அலைய வேண்டாம், அப்படி ஒன்று கிடைக்காது.

லென்ஸ் மாட்டும் வளையமான மவுண்டிலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் ஒவ்வொரு கேமரா இனத்துக்கும் நிலையான ஓர் அளவு. கேனான் இஎஃப் 44 மி.மீ., நிக்கான் எஃப் 46.5 மி.மீ., பழைய எம்42 திருகு மவுண்ட் 45.46 மி.மீ. மிரர்லெஸ் பக்கம் சோனி இ 18 மி.மீ., ஃபூஜி எக்ஸ் 17.7 மி.மீ., மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 19.25 மி.மீ. கேனான் இஎஃப் லென்ஸை சோனியில் மாட்டினால் நடுவே 26 மி.மீ. காலி இடம். அந்த இடத்தில்தான் கண்ணாடி உட்காருகிறது. டிஎஸ்எல்ஆரில் அந்த இடத்தை ஆடும் முகக்கண்ணாடி பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு விஷயமும் உண்டு. ரெடியூசர் ஒளியை இன்னும் முன்னாலேயே குவித்துவிடும். அதனால் லென்ஸும் சென்சாரும் பழைய தூரத்தைவிடச் சற்று நெருங்கியிருக்க வேண்டும். வெறும் குழாய் அடாப்டரையும் ரெடியூசரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ரெடியூசர் சில மில்லிமீட்டர் குட்டையாக இருக்கும்.

லைக்கா எம் போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களுக்கும் இதே சிக்கல்தான். அவற்றின் தூரமே 27.8 மி.மீ. நடுவில் கண்ணாடிக்கு இடம் போதாது.

இதைப் போட்டால் என் சோனி ஏ6400 ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்குச் சமமாகிவிடுமா?

கோணத்திலும் பின்னணி மங்கலிலும் கிட்டத்தட்ட ஆகிவிடும். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை ரெடியூசரோடு சோனி ஏபிஎஸ்-சியில் போட்டால், ஃபுல் ஃப்ரேமில் 53 மி.மீ. எஃப்/1.9 லென்ஸ் போட்டது போன்ற படம் வரும். அது அந்த 50 மி.மீ. லென்ஸை ஃபுல் ஃப்ரேமில் மாட்டினால் வருவதற்கு மிக அருகில் இருக்கிறது.

"எஃப்/1.3 ஆகிவிட்டதே, அப்படியானால் ஃபுல் ஃப்ரேமை விட இருட்டில் நன்றாக எடுக்குமே" என்று சிலர் வாதிடுவார்கள். எடுக்காது. சின்ன சென்சாருக்கு ஒரு ஸ்டாப் அதிகம் வேண்டியிருந்தது, ரெடியூசர் அந்த ஒரு ஸ்டாப்பைக் கொடுத்தது. இரண்டும் நேராகிவிட்டன. உங்கள் கேமராவை நேற்றைய உங்கள் கேமராவோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். ஃபுல் ஃப்ரேமோடு ஒப்பிட்டால் பற்றாக்குறை தீர்ந்தது, அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிய நிறைவு.

நடுவே கூடுதல் கண்ணாடி வந்தால் கூர்மை குறையுமே?

நானும் அப்படித்தான் நம்பினேன். டெலி கன்வெர்ட்டர் போட்டுக் கைசுட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். டெலி கன்வெர்ட்டர் பிம்பத்தைப் பெரிதாக்குகிறது, அதோடு லென்ஸின் குறைகளும் பெரிதாகின்றன, வெளிச்சமும் குறைகிறது. ரெடியூசர் அதற்கு நேர் எதிர். பிம்பம் சுருங்கும்போது குறைகளும் சேர்ந்து சுருங்குகின்றன. அதனால் நல்ல ரெடியூசரில் படத்தின் நடுப்பகுதி, வெறும் குழாய் அடாப்டரில் வருவதை விடக் கூர்மையாகவே வரும்.

மூலைகள் வேறு கதை. இதுவரை கிராப் சென்சார் உங்கள் லென்ஸின் நடுப்பகுதியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. இப்போது ஓரங்களும் ஃப்ரேமுக்குள் வருகின்றன. லென்ஸின் ஓரம் மென்மையாக இருந்தால் அது தெரியத்தான் செய்யும். பழியை ரெடியூசர் மேல் போடுவதற்கு முன் அதே லென்ஸை ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமராவில் மாட்டிப் பார்த்துவிடுங்கள். மலிவு ரெடியூசர்கள் தம் பங்குக்கும் மூலைகளைக் கெடுப்பதுண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். லென்ஸின் வாயை (அபெர்ச்சர்) இரண்டு ஸ்டாப் மூடினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எதிர்வெளிச்சத்தில் எடுத்தால் நடுவே நீலப் புள்ளி ஒன்று வரலாம். ஆரம்பகால மலிவு ரெடியூசர்களில், அபெர்ச்சரை நன்றாக மூடினால் இது வரும். பழைய பொருள் வாங்கும்போது எஃப்/11-இல் ஜன்னலைப் பார்த்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

பழைய லென்ஸ்களோடு இது எப்படி?

நான் இதை வாங்கியதே பழைய லென்ஸுக்காகத்தான்.

என் தாய்மாமாவிடம் ஒரு ஜெனிட் கேமரா இருந்தது. சோவியத் காலத்துச் சரக்கு, கையில் எடுத்தால் செங்கல் கனம். அதோடு வந்தது ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப்/2. இந்த லென்ஸின் அழகு பின்னணியில் இருக்கிறது. இலைகளுக்கு நடுவே ஒருவரை நிறுத்தி எடுத்தால், பின்னால் இருக்கும் இலைகள் முகத்தைச் சுற்றிச் சுழல்வது போல் தெரியும். மாமா எடுத்த என் அம்மாவின் படத்தில் வீட்டுக் கொல்லைப்புற முருங்கை மரம் அப்படிச் சுழல்கிறது. அதே லென்ஸைக் குழாய் அடாப்டரில் என் சோனியில் மாட்டினேன். சுழல் இல்லை. லென்ஸ் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அந்தச் சுழல் பிம்பத்தின் ஓரங்களில் இருக்கிறது, கிராப் அந்த ஓரங்களை வெட்டி எறிந்துகொண்டிருக்கிறது. எம்42 மவுண்டுக்கு 0.726 மடங்கு ரெடியூசர் ஒன்று வாங்கி மாட்டினேன். நாகேஸ்வரராவ் பூங்காவில் என் மகளை மரத்தடியில் நிற்கவைத்து எடுத்த முதல் படத்திலேயே இலைகள் சுழன்றன. அன்றைக்கு மாமாவுக்கு போனில் அனுப்பினேன். "இது என் லென்ஸ்" என்று மட்டும் பதில் வந்தது.

இந்த வகை லென்ஸில் அபெர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருக்கிறது, ஃபோகஸ் கையால் திருப்ப வேண்டும். அதனால் மின்தொடர்பு இல்லாத மலிவு ரெடியூசரே போதும். நிக்கான் ஏஐ-எஸ், மினோல்டா எம்டி, பென்டாக்ஸ் கே எல்லாம் இப்படித்தான். அபெர்ச்சர் வளையம் இல்லாத நிக்கான் ஜி வகை என்றால், அடாப்டரிலேயே வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலர் இதில்தான் பயந்துபோய் எனக்கு போன் செய்கிறார்கள். மின்தொடர்பு இல்லாத அடாப்டரை மாட்டினால் லென்ஸ் இல்லை என்று நினைத்து கேமரா ஷட்டரை அடிக்காது. மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் எடு' என்ற பொருளில் ஓர் அமைப்பு இருக்கும். அதை ஆன் செய்துவிடுங்கள்.

பழைய லென்ஸில் ஃபங்கஸ் இருக்கிறது. பரவாயில்லையா?

சென்னையில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. கடல் காற்றும் புழுக்கமும் சேர்ந்த ஊர். பீரோவில் தோல் பைக்குள் பத்து வருடம் கிடந்த லென்ஸில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தால் ஆச்சரியமில்லை. செல்போன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஓரத்தில் ஒன்றிரண்டு இழைகள் என்றால் படத்தில் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் படம் மொத்தமும் பால் கலந்தது போல் வெளிறும். நல்ல மெக்கானிக் கழற்றித் துடைக்கலாம். ஆனால் பூஞ்சை கோட்டிங்கை அரித்திருந்தால் அந்தத் தழும்பு போகாது. தெரிந்த ஒருவரிடம் கொடுத்த என் 135 மி.மீ. லென்ஸ், கண்ணாடி ஒன்று திருப்பிப் போடப்பட்டு வந்தது. அதனால் சொல்கிறேன், கொடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அதே இடத்தில் நின்று எடுத்து ஒப்பிடுங்கள்.

ரெடியூசருக்கும் இதே ஆபத்து உண்டு, அதுவும் கண்ணாடிதானே. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜெல்லை அடிக்கடி காயவைக்க வேண்டியிருக்கும்.

ஆட்டோஃபோகஸ் வேலை செய்யுமா?

கேனான் இஎஃப் லென்ஸ்களுக்கு மின்தொடர்புள்ள ரெடியூசர்கள் உண்டு. மெட்டாபோன்ஸிலும் வில்ட்ராக்ஸிலும் சோனி இ, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மவுண்டுகளுக்குக் கிடைக்கின்றன. அபெர்ச்சரைக் கேமராவிலிருந்தே மாற்றலாம், படத்தின் தகவலில் 50 மி.மீ. லென்ஸ் 36 மி.மீ. என்று சரியாகப் பதிவாகும்.

ஆட்டோஃபோகஸின் வேகம் லென்ஸுக்கு லென்ஸ் மாறும். நின்று போஸ் கொடுப்பவர்களுக்குச் சரி. தாலி கட்டும் அந்த மூன்று விநாடிக்கு இதை நம்பாதீர்கள். அந்த நேரத்துக்கு உங்கள் கேமராவின் சொந்த லென்ஸைப் போட்டு வையுங்கள். திரும்ப எடுக்க முடியாத நிமிடத்தில் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டு நிற்பதைப் போன்ற வேதனை வேறில்லை.

கேமராவுக்குள் நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறது. ஏதாவது மாற்ற வேண்டுமா?

வேண்டும். பழைய லென்ஸின் குவியத்தூரத்தை நீங்கள்தான் கேமராவில் பதிய வேண்டும். ரெடியூசர் போட்ட பிறகு உள்ள எண்ணைக் கொடுங்கள். 50 மி.மீ. லென்ஸுக்கு 35. 50 என்றே கொடுத்தால் கேமரா தேவைக்கு மேல் ஆட்டி, படத்தைக் கலக்கிவிடும்.

எந்த லென்ஸை மாட்டக் கூடாது?

பின்பக்கக் கண்ணாடி மவுண்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் யோசிக்காமல் மாட்டாதீர்கள். ரெடியூசரின் கண்ணாடி உள்ளே அருகிலேயே இருக்கிறது. இரண்டும் முட்டினால் இரண்டுக்கும் கீறல். சில லென்ஸ்கள் பக்கத்தில் வைத்து எடுக்கும்போது உள்ளே இருக்கும், ஃபோகஸை இன்ஃபினிட்டிக்கு, அதாவது வெகுதூரத்துக்குத் திருப்பினால் பின்னால் வரும். ஆகவே இன்ஃபினிட்டிக்குத் திருப்பி வைத்துவிட்டு நீட்டலை அளந்து பாருங்கள். மாட்டும்போது லேசாகத் தடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள், அழுத்தாதீர்கள்.

வாடகைக்கு எடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக்குக் கிடைக்கும் ரெடியூசர்களில் பழைய பிளாக்மேஜிக் பாக்கெட் கேமராவுக்கென்றே செய்த 0.58 மடங்கு வகையும் இருக்கலாம். மவுண்ட் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்தான், ஆனால் அதன் பின்கண்ணாடி ஆழமாக நீண்டிருக்கும். வேறு கேமராவில் போட்டால் உள்ளே இடித்துச் சேதமாகும். எந்தக் கேமராவுக்கு என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

ஏபிஎஸ்-சி லென்ஸை ரெடியூசரோடு போடலாமா?

ஏபிஎஸ்-சி கேமராவில் வேண்டாம், மூலைகள் கருத்துவிடும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் பல லென்ஸ்கள் ஒத்துவரும். குறும்படம் எடுக்கும் தம்பிகள் விரும்பிப் போடும் ஜோடி, சிக்மா 18–35 எஃப்/1.8 லென்ஸும் 0.71 ரெடியூசரும். கிடைப்பது 13–25 மி.மீ. எஃப்/1.3. தெருவிளக்கு வெளிச்சத்திலேயே ஒரு காட்சியை எடுத்துவிடலாம். ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 26 முதல் 50 மி.மீ. கோணம், ஒரு சின்ன வீட்டுக்குள் நடக்கும் கதைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கேனான் இஎஃப்-எஸ் லென்ஸ்களில் பின்பாகம் சற்று உள்ளே போகும். எல்லா ரெடியூசரும் அதை ஏற்காது.

ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கே ரெடியூசர் போட்டால்?

ஃபுல் ஃப்ரேம் லென்ஸோடு போட்டால் மூலைகளும் இடவல ஓரங்களும் இருண்டுபோகும். ஃபுல் ஃப்ரேமை விடப் பெரிய ஃபிலிமுக்குச் செய்த மீடியம் ஃபார்மேட் லென்ஸ்களுக்கு மட்டும் இது பொருந்தும். பென்டாகான் சிக்ஸ், மமியா 645 போன்ற மவுண்டுகளுக்கு ஃபுல் ஃப்ரேம் ரெடியூசர்கள் வந்திருக்கின்றன.

இன்ஃபினிட்டி கிடைக்கவில்லை. தூரத்தில் இருப்பது கூர்மையாகவே வரவில்லை. என்ன செய்ய?

ரெடியூசரில் மிக அதிகமாக வரும் குறை இதுதான். கண்ணாடியின் இடம் மயிரிழை தவறினாலும் இன்ஃபினிட்டி போய்விடும்.

மெரினா மணலில் நின்று கலங்கரை விளக்கத்தைப் பாருங்கள். நல்ல தூரத்தில், காந்தி சிலை பக்கமாக நின்றால் போதும். அபெர்ச்சரை முழுவதும் திறந்து, திரையில் படத்தைப் பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்புங்கள். வளையம் முடிவதற்குச் சற்று முன்பே விளக்கு கூர்மையானால் கவலையில்லை. முழுவதும் திருப்பியும் மங்கலாகவே நின்றால் ரெடியூசரைச் சரிசெய்ய வேண்டும். உச்சிவெயிலில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். மணலிலிருந்து எழும் அனல் விளக்கையே நடுங்க வைக்கும், லென்ஸ் மேல் தவறாகச் சந்தேகம் வரும். காலை ஆறரை மணி நல்ல நேரம். ராத்திரி என்றால் நிலா போதும்.

பல ரெடியூசர்களில் கண்ணாடித் தொகுதி ஒரு திருகு மரையில் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் இருக்கும் சின்னப் பூட்டுத் திருகைத் தளர்த்தி, தொகுதியைத் துளித்துளியாகத் திருப்பலாம். ஒவ்வொரு முறையும் பென்சிலால் அடையாளம் வையுங்கள், பழைய இடத்துக்குத் திரும்ப அதுதான் வழி. ஜூம் லென்ஸ் இருந்தால் அகலக் கோணத்தில் வைத்துச் சோதியுங்கள். டெலி முனையில் சரியாக இருந்து அகல முனையில் மங்கினால், இடம் இன்னும் சரியாகவில்லை என்று பொருள்.

இதற்குப் பதில் பழைய ஃபுல் ஃப்ரேம் கேமராவே வாங்கிவிடலாமா?

பலருக்கு நான் அதைத்தான் சொல்கிறேன். கேனான் இஎஃப் லென்ஸ்கள் நான்கைந்து வைத்துக்கொண்டு போட்டோ மட்டும் எடுப்பவர் என்றால், 2012-இல் வந்த கேனான் 6டி போன்ற ஒன்றைப் பழையதாக வாங்குங்கள். ஆட்டோஃபோகஸ் அப்படியே வேலை செய்யும், நடுவே கண்ணாடி வேண்டாம், அடாப்டர் தலைவலி வேண்டாம். கையால் ஃபோகஸ் செய்யும் பழைய லென்ஸ் ரசிகர் என்றால் 2013-இல் வந்த முதல் சோனி ஏ7 இருக்கிறது.

உங்கள் சின்ன சென்சார் கேமரா வீடியோவுக்காக வாங்கியது, அதை விட மனமில்லை என்றால் ரெடியூசர் நல்ல முடிவு. ஒரே லென்ஸை இரண்டு கோணத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பதும் ஒரு வசதி. என் பையில் ரெடியூசரும் வெறும் குழாய் அடாப்டரும் இரண்டுமே இருக்கும். கோபுரத்தின் மேல் பொம்மைகளை எடுக்கக் குழாய், தேர் அருகே கூட்டத்துக்குள் நுழைந்தால் ரெடியூசர்.

துடைப்பது எப்படி?

இருபுறமும் ஊதுபந்தால் ஊதுங்கள். பின்கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் இருப்பதால், அதில் ஒட்டும் தூசி முன்லென்ஸில் உள்ள தூசியை விடச் சுலபமாகப் படத்தில் தெரியும். வாயால் ஊதாதீர்கள். கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால், உப்புப் படிந்த உலோகப் பகுதியை லேசாக ஈரமாக்கிய துணியால் துடைத்துக் காயவிட்டுப் பிறகுதான் டப்பாவில் வைக்க வேண்டும். மின்தொடர்பு உள்ள வகை என்றால் தொடர்பு முனைகளைக் காய்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். காசிமேட்டுக்குப் போய்வந்த மறுநாள் கேமரா லென்ஸைக் கண்டுகொள்ளவில்லை என்றால், முதலில் அந்த முனைகளைத்தான் பார்க்க வேண்டும்.